எந்த வயிறு, ஐயா?

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணத்துக்காரர்கள் மூட்டை முடிச்சோடு ஓடிக்கொண்டிருந்த காலத்தில், நான் பட்டாபிராம் ராணுவ ரயில் சைடிங்கில் அரிசி மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். தூக்கினேன் என்று சொல்வதுகூட ஜம்பம்தான். மூட்டை என் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு வரும். ஏழாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. சாப்பாடு நின்றபடி, தூக்கம் குப்புற. என் மனைவி உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, "இந்த இடுப்ப வச்சிக்கினு நீ எத்தினி நாளு பொயப்ப ஓட்டுவே?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

அப்போதுதான் முதலுதவிப் படைக்கு ஆள் எடுத்தார்கள். குண்டு விழுந்தால் கட்டுப் போட வேண்டும், விழாவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். இதைவிட உத்தமமான உத்தியோகத்தை நான் இன்றுவரை கேள்விப்பட்டதில்லை. குறுக்கே நின்றது ஒரு பரீட்சை. மனித உடம்பில் எது எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று ராணுவ டாக்டர் கேட்பார். தேறினால் கையில் படைப் பட்டை, தேறாவிட்டால் மறுநாளே மூட்டை. இதை மேஸ்திரி என்னிடம் மூன்று தரம், பல்லைக் காட்டிக்கொண்டே சொன்னான். அவன் பல்லை உடைக்க வேண்டும்போல இருந்தது, இடுப்பு ஒத்துழைக்கவில்லை.

பாடம் நடத்தியவர் ஒரு கம்பவுண்டர். இங்கிலீஷ் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, தூங்கி வழிந்தபடி தமிழில் சொல்லுவார். சுவரில் மாட்ட உடம்புப் படம் ஒன்று கப்பலில் வருகிறது என்றார்கள். கடைசிவரை வரவில்லை. இருதயம் ரத்தத்தைத் தள்ளுகிறது, நுரையீரல் காற்றை வாங்குகிறது, குண்டிக்காய் ரத்தத்தைச் சலித்து மூத்திரத்தைப் பிரிக்கிறது. இவ்வளவும் எனக்கு மனப்பாடம். எது எங்கே என்பதுதான் மண்டையில் ஏறவில்லை.

என்னோடு மூட்டை தூக்கிய பாய் ஒருவரும் பரீட்சைக்குப் பேர் கொடுத்திருந்தார். பூந்தமல்லியில் அவர் குடும்பத்துக்குக் கறிக்கடை. "இன்னாத்துக்கு மச்சான் கவலப்பட்றே? ஆட்டுக்கு உள்ள இன்னா கீதோ அதான் மனுசனுக்கும் கீது. ஞாயித்துக்கெயம கடைக்கு வா, காட்றேன்" என்றார்.

நான் பாரிவாக்கத்துச் சைவக் குடும்பம். முட்டையைக்கூட முறைத்துப் பார்த்தவனில்லை. கறிக்கடைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால் ஒத்தடம் நின்றுவிடும். ஆகவே திருட்டுத்தனமாகப் போய், பத்தடி தள்ளி நின்று, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். கொக்கியில் ஏதோ தொங்கியது. தலை இல்லை, தோல் இல்லை, குளம்பு இல்லை. பாய் கத்தி முனையால் மேலிருந்து கீழாகக் காட்டிக்கொண்டு வந்தார்.

"தோ, மேல ரெண்டு குண்டிக்கா. அப்பால குடலு. வயிறு பாரு, நாலு. அப்பால ஈரலு. அதுக்குக் கீய இருதயம், நுரையீரலு. கடசியா காத்துக் கொயா."

வழி நெடுக அதையே ஜபித்துக்கொண்டு வந்தேன். ஆட்டைப் பின்னங்காலில் மாட்டித் தலைகீழாகத்தான் தொங்கவிடுவார்கள் என்பது பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும் என்று பாய் நினைத்திருக்கிறார். அவர் வீட்டுக் குழந்தைக்குத் தெரியும். எங்கள் வீட்டில் கிழவனுக்கும் தெரியாது.

பரீட்சை அன்று காலையில் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். திக்திக் என்று அடித்தது. பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் மேஜை மேல் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, கேள்விக்கு ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தார். பாய் முதலில் போய், கேட்டதற்கெல்லாம் டக்டக்கென்று சொல்லித் தேறிவிட்டார். உடனே டாக்டர் அவரையே சட்டையைக் கழற்றச் சொல்லி பெஞ்சில் படுக்கவைத்தார். என் கையில் சாக்குக்கட்டியைக் கொடுத்து, "இவர் மேல ஒவ்வொண்ணா வரைஞ்சு காட்டு" என்றார்.

குண்டிக்காய் இரண்டையும் தோள்பட்டைக்குக் கீழே வரைந்தேன். பாய்க்குக் கூச்சம் ஜாஸ்தி, புழுவாக நெளிந்தார். நெஞ்சு முழுக்கக் குடலைச் சுற்றினேன். தொப்புளுக்கு நாலு விரல் கீழே இருதயம். நுரையீரலுக்கு இடம் போதவில்லை, கைலி மேலேயே தொடைக்கு ஒன்றாக ஒதுக்கினேன். "மச்சான்... தல... தலகீயா..." என்று பாய் என்னவோ சொல்ல வந்தார். சிரிப்பில் மீதி வரவில்லை. கூச்சம் தாங்காமல் உளறுகிறார் என்று நான் காற்றுக் குழாயை முழங்காலை நோக்கி இழுத்தேன்.

டாக்டர் வெகு நேரம் பார்த்தார். பிறகு ஒரு பிடி கடலையை வாயில் போட்டுக்கொண்டு, "சரி, வயிறு என்ன வேலை செய்யுது, சொல்லு" என்றார்.

"எந்த வயிறு, ஐயா?"

"மொத்தம் எத்தன வச்சிருக்கே?"

"நாலு, ஐயா."

டாக்டர் சிரித்தார். பாதிச் சிரிப்பில் சத்தம் நின்றுபோயிற்று. தொண்டையைப் பிடித்துக்கொண்டார், கண் பிதுங்கியது, முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போயிற்று. கம்பவுண்டர் அவசர அவசரமாகப் புத்தகத்தில் பக்கம் தேடினார்.

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு உடம்பு. அதில் காற்றுக் குழாய் அடியில் இருக்கும், உள்ளே இருப்பதெல்லாம் தானாகக் கீழே சொட்டும். இவருக்கு அது மேலே போய் மாட்டிக்கொண்டிருக்கிறது. "பாய், கால தூக்கு!" என்று கத்தினேன். பாயுடையது ஆயுசு முழுக்க ஆடு தூக்கிய கை. ஒரே தூக்கில் டாக்டர் தலைகீழானார். நான் முதுகில் ஓங்கி அறைந்தேன். மூன்றாவது அறையில் கடலை தெறித்துக் கம்பவுண்டர் புத்தகத்தில் விழுந்தது. என் இடுப்பில் சுரீர் என்றது.

பாய் அவரை மெல்ல இறக்கி நிறுத்தினார். ராணுவ அதிகாரியைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் என்ன தண்டனை என்று எங்களுக்கு நடத்தவில்லை. நாளைக்கு மூட்டை நிச்சயம். என் மனைவியிடம் போய் என்ன சொல்வேன்? வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

டாக்டர் தண்ணீர் குடித்தார், தொப்பியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். தாளில் எழுதிக்கொண்டே உரக்கப் படித்தார். "உறுப்புகள் இருக்கும் இடம், பூஜ்யம். முதலுதவி, தேர்ச்சி."

பிறகு எழுந்து வந்து, என் கையைப் பிடித்து என் நெஞ்சின் மேலேயே வைத்தார். "இருதயம் இங்கதான்யா இருக்கு. அடிக்குது பாரு."

திக்திக் என்று அடித்தது.

"இதா ஐயா?" என்றேன். "இத்தினி நாளா நான் இத பயம்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன்."