பிலோமினா போட்ட பென்சில் கோடுகள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பெங்களூர் மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் அவரைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. "சார், பிலோமினா அக்கா போயிட்டாங்க. நாலு மணிக்கு விவேக் நகர் கோயில்ல பூசை" என்றார் அவருடைய தம்பி. கடைக்காரர் இரண்டு முறை கூப்பிட்டது என் காதில் விழவில்லை.

நம் சந்தை ஆய்வு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வீடு வீடாகப் போய் நிரப்பிவரும் படிவங்களைச் சரிபார்த்து, கம்ப்யூட்டரில் ஏற்றுவது தொண்ணூறுகளில் அவர் பார்த்த வேலை. பதவியில் எனக்குக் கீழே. வயது ஏறக்குறைய ஒன்றுதான். கூட்டங்களில் நான் சராசரி சராசரி என்று முழங்கினால், நிமிராமலே கேட்பார்: "அந்தச் சராசரி எந்தத் தெருவுல குடியிருக்கு சார்? சொல்லுங்க, போய்ப் பார்த்துட்டு வரேன்." எல்லோரும் சிரிப்பீர்கள். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும்.

ஓர் ஊதுபத்திக் கம்பெனிக்காக நடத்திய ஆய்வு உங்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாரம் பழைய மணம், ஒரு வாரம் புதிய மணம். இரண்டுக்கும் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டோம். பழையதற்கு வந்தவற்றை ஒரு குழுவாகவும் புதியதற்கு வந்தவற்றை இன்னொரு குழுவாகவும் வைத்து, இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்ட் போட்டேன். சராசரியில் தெரிந்த சிறு வித்தியாசம் தற்செயலாகவே வந்திருக்கலாம் என்றது விடை. அவசரக்குடுக்கையான நான் அதைப் போனிலேயே கம்பெனி முதலாளியிடம் சொல்லிவிட்டேன். புதிய பத்தியைக் கைவிடுவதாக அவரும் முடிவு செய்துவிட்டார்.

மறுநாள் பிலோமினா ஒரு வரைபடத் தாளைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். இடப்பக்கம் பழைய மதிப்பெண், வலப்பக்கம் புதியது. ஒவ்வொரு வீட்டின் இரண்டு புள்ளிகளையும் பென்சில் கோட்டால் இணைத்திருந்தார். அநேகமாக எல்லாக் கோடுகளும் மேலே ஏறின.

"கஞ்சத்தனமா போடற வீடு பழசுக்கு மூணு, புதுசுக்கு நாலு. தாராளமா போடற வீடு எட்டு, ஒம்போது. எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்துட்டீங்க, அதான் தெரியல. இது ரெண்டு குழு இல்ல சார், அதே ஜனங்கதான். ஒவ்வொரு வீட்டுலயும் எவ்வளவு ஏறிச்சுன்னு எடுத்து டெஸ்ட் போடணும்."

அந்த வாடிக்கையாளர் போனால் என் வேலையும் போகும். கதவைச் சாத்திவிட்டு, "முதலாளிகிட்ட சொல்லியாச்சு. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க, கொஞ்சம் விட்டுக்கொடுங்க" என்றேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அவர் குரலை உயர்த்தவில்லை. "ரெண்டு வாரம் அந்தம்மாங்க பத்தி ஏத்திப் பார்த்து ஒரு பதில் சொன்னாங்க. அதை நாம மாத்தக் கூடாது சார். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ரிப்போர்ட்ல என் பேர் மட்டும் வேணாம்."

அதைக் கேட்ட பிறகு பழைய முடிவை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. சரியான முறையில் மறுபடி டெஸ்ட் போட்டோம். புதிய மணம்தான் பிடித்திருக்கிறது என்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. அன்று மாலை நான் முதலாளியைப் பார்க்கக் கிளம்பியபோது, கூப்பிடாமலேயே பிலோமினாவும் ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

முதலாளி கன்னடமும் தமிழும் கலந்து பேசுபவர். "யார்ரீ இந்தத் தப்பைப் பண்ணது?" என்றார். நான் கையிலிருந்த ரிப்போர்ட்டைப் புரட்டினேன்.

"நாங்க பண்ணோம் சார்" என்றார் பிலோமினா.

"கண்டுபிடிச்சது?"

"அதுவும் நாங்கதான்."

தவறை நாமே ஒப்புக்கொண்டதற்காக முதலாளியிடமிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. என் பெயருக்குத்தான் வந்தது. அலுவலகத்தில் அதைப் படித்ததும் நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். பிலோமினாவும் தட்டினார். நான் எழுந்து நின்று அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடங்கள் ஒரே அறையில் வேலை பார்த்தோம். அவர் அதை ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டியதில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: தப்பு செய்தது நான் மட்டும். கண்டுபிடித்தது பிலோமினா மட்டும். அவர் காதில் விழும்படி உங்கள் முன்னால் சொல்லியிருக்க வேண்டியது இது.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. மூலையில் 'தயாரித்தவர்' என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தார். அடக்கம் முடிந்து விவேக் நகரிலிருந்து திரும்பியதும் அதில் அவர் பெயரைப் பேனாவால் எழுதினேன்.