ஏழாம் எண் விதை

அறுபதுகளின் தொடக்கத்தில் என் கணவர் திண்டுக்கல்லில் ஒரு பழ ஆராய்ச்சித் தோட்டத்தில் வேலை பார்த்தார். சிறுமலைப் புதர்களில் காய்க்கும் காட்டு ராஸ்பெர்ரிப் பழத்தின் விதைகளைச் சேகரித்து, வெளிநாட்டு விஞ்ஞானி ஒருவருக்கு அனுப்புவார். குளிர்தேசத்துச் செடி வெயிலில் கருகிவிடுமாம். அதை நம் காட்டுச் செடியோடு கலந்து, வெயில் தாங்கும் இனம் ஒன்றை உண்டாக்க அந்த விஞ்ஞானி முயன்றுகொண்டிருந்தார். பள்ளிப் படிப்பை முடித்தவள் என்பதால் பொட்டலங்களில் ஆங்கிலக் குறிப்பு எழுதும் வேலை எனக்கு.

அந்தக் கோடையில், எண் போட்டு வைத்திருந்த புதர்களில் ஏழாம் எண் புதர் மட்டும் இலை வாடாமல் நின்றது. அதில் கிடைத்தது ஒரு கைப்பிடிப் பழம். கிண்ணத்தில் வைத்துவிட்டு, பால் பொங்குகிறதென்று ஓடினேன். திரும்பினால், ஒன்றரை வயது மகள் கிண்ணத்தை நக்கிக்கொண்டிருந்தாள்.

குழந்தைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்றுதான் முதலில் பதறினேன். மலைப் பிள்ளைகள் தின்கிற பழம்தானே என்று தேறிய பிறகே விதை நினைவுக்கு வந்தது. இனி அடுத்த வருடம்தான் காய்க்கும்.

மறுநாள் அவள் வெளிக்குப் போன துணிகளை அலசி அலசி வடிகட்டினேன். பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"ஏத்தா, படிச்ச புள்ள, அதுல என்னத்த இம்புட்டு நேரமாத் துழாவுற? காதுக் கம்மல முழுங்கிட்டாளா?"

"விதைக்கா. மொளைக்கப் போடணும்."

"ஆத்தாடி! அது காய்ச்சா எனக்கு மட்டும் சோத்துக்குத் தொட்டுக்க வெஞ்சனம் குடுத்துவிட்றாத, தாயி."

ஒரு சிட்டிகை விதை தேறியது. நிழலில் உலர்த்தினேன். சொல்லாமலே பொட்டலத்தில் போட்டுவிடலாமா என்று மாலைவரை யோசித்தேன். கணவர் வந்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"காட்டுல குருவி செய்யுற வேலைதான. நடந்தத அப்படியே எழுதிரு."

"இதப் போயி எப்படிங்க எழுதுறது?"

"மறைச்சா அவரு ஆராய்ச்சியே தப்பாப் போயிரும்."

மூன்று தாள் கிழித்து, நான்காவதில் எழுதினேன்.

மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. மற்ற விதைகள் கல்லாகக் கிடக்க, ஏழாம் எண்தான் முதலில் முளைத்ததாம். குழந்தையின் வயிறு விதையின் கெட்டியான மேலோட்டை இளக்கியிருக்கலாம் என்று எழுதியிருந்தார். கூடவே ஒரு புகைப்படம்: கண்ணாடி வீட்டுக்குள் வரிசையாகச் சிறு செடிகள், வெளியே பனி மூடிய நிலம். நான் பனியைப் பார்த்ததில்லை. என் கை அலசியெடுத்த விதை அதன் பக்கத்தில் இலை விட்டிருந்தது. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடிதத்தின் கடைசி வரியில், குழந்தை நலமா என்று கேட்டிருந்தார்.