நிலவறைக்குள் ஒரு கனடாப் போத்தில்

சுவிஸில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே, யுத்தம் வந்தால் ஒளிவதற்கென்று ஒரு நிலவறை இருக்கிறது. யுத்தத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்த நான் அதற்குள் வெங்காய மூட்டை வைத்திருக்கிறேன். மூட்டைக்குப் பின்னால், என் மனுசிக்குத் தெரியாமல், டொரோண்டோத் தம்பி தந்த, ரை என்ற தானியத்தில் வடித்த விஸ்கி.

போன ஞாயிறு மகள் ஆரணி விரும்புகிற பெடியனின் தகப்பன் ஊர்ஸ், முதன்முறையாக பூம்ப்ளிஸில் இருக்கிற எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். மனுசன் திருப்தியாகப் போனால்தான் கல்யாணப் பேச்சு. எங்கள் ஆட்கள் விருந்தாளியைக் கௌரவிப்பதென்றால், பெண்கள் காணாத மூலைக்குக் கூட்டிப்போய் ஊற்றிக் கொடுப்போம். ஊர்ஸுக்குக் கண்ணைக் காட்டி, கீழே நிலவறைக்குக் கூட்டிப்போனேன்.

ஒரு சாண் தடித்த கொங்கிறீட் கதவைப் பார்த்து அவர் நின்றுவிட்டார்.

"ஏதும் ஆபத்தா?"

"இல்லை, மரியாதை" என்றேன், எனக்குத் தெரிந்த ஜெர்மனில்.

பிளாஸ்டிக் கப்பில் ஊற்றி, பழக்கதோஷத்தில் என்னுடையதை ஒரே மடக்கில் இறக்கினேன். நெருப்பு! இருமி முடிக்கும்போது மகளின் கல்யாணம் குழம்பிவிட்டதென்றே முடிவுகட்டினேன். அவரோ மூக்கைக் கப்புக்குள் விட்டபடி கண்ணை மூடியிருந்தார்.

"ரோகன்!" என்றார். ரையைத்தான் ஜெர்மனில் அப்படிச் சொன்னார். அவர் பிறந்த வாலிஸ் மலையில் கோதுமை சரிவராதாம்; குளிருக்கு அஞ்சாத ரையில்தான் ரொட்டி, கத்தி இறங்காத கறுத்தப் பாண். தம்பி சொன்ன கதையை நானும் எடுத்துவிட்டேன்: ஐரோப்பாவிலிருந்து கனடாவுக்குப் போனவர்கள் கோதுமை விஸ்கியில் கொஞ்சம் ரை சேர்க்க, சனம் "ரை இருக்கோ" என்று கேட்டுக் கேட்டே பெயர் நிலைத்ததாம். இந்தப் போத்திலில் முழுக்க ரை. அவரைப் பார்த்து மெல்லமாக உறிஞ்சினேன். முதலில் மிளகு, பிறகு கறுவா, கராம்பு. கடைசியில் கருக்கிய சீனியின் இனிப்பு நாக்கைத் தடவிக்கொடுத்தது. இவ்வளவு காலமும் இதையா மருந்துமாதிரி விழுங்கினேன்!

"இஞ்சாருங்கோ!" வாசலில் மனுசி. "வந்த மனுசனை பங்கருக்குள்ள அடைச்சு வைச்சு என்ன செய்யிறியள்?"

ஊர்ஸ் சிரித்தபடி தன் கப்பை அவளிடம் நீட்டினார். நான் செத்தேன். அவள் மூக்கருகே வைத்து மணந்து பார்த்தாள்.

"கறிச்சரக்கு வாசமெல்லோ அடிக்குது. மேல கொண்டு வாங்கோ, இறைச்சிப் பொரியல் ஆறுது."

மேசையில் எல்லாருக்கும் முன்னால் போத்தில். "கல்யாணத்துக்கு ரோகன் பாண் என் பொறுப்பு" என்றார் ஊர்ஸ். ஆரணி என்னைக் கட்டிப்பிடித்தாள். இந்த நாட்டில் கண்ணுக்குக் கண் பார்த்துத்தான் கிளாஸை முட்டவேண்டும். நானும் நெஞ்சை நிமிர்த்தி, அவர் கண்ணைப் பார்த்து வலது கையால் கிளாஸை உயர்த்தினேன். ஒளித்துப் பழகிய இடது கை தன்பாட்டில் மேசை விரிப்பை இழுத்துப் போத்திலை மூடிக்கொண்டிருந்தது.