இளவரசியின் ஏழாவது பிள்ளை

கோபித்துக்கொண்டு புறப்பட்ட பயணம் இது. மனைவி காலமாகி அன்று இருபத்தாறாம் நாள். முப்பத்தோராம் நாள் சொந்தக்காரருக்குக் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தின் அச்சுப்படியை மகள் காட்டினாள். எங்களுக்கு மூன்று பிள்ளைகள் என்றிருந்தது. இல்லை, நான்கு. மூத்தது பிறந்த பதினோராம் நாள் போய்விட்டது. எங்கள் வழக்கத்தில் முப்பத்தோராம் நாள்தான் பெயர் வைப்பது.

"பேர் இல்லாத பிள்ளையை எப்பிடியப்பா போடுறது?"

"அப்ப என்ரை பேரையும் வெட்டிவிடு" என்று அச்சுப்படியைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

வீட்டருகே மோர்னிங்சைட்டில் 11.40க்குப் பேருந்து, பிறகு சுரங்க ரயில். 28 கிலோமீற்றர், ஒன்றரை மணி நேரம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய இளவரசி ஒருத்தியின் குடும்பப் பொருட்களை நகர நடுவில் ஒரு பழைய மாளிகையில் வைத்திருக்கிறார்கள். முதியோருக்கு 9 டாலர். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அரச குடும்பங்களை நூலகத்தில் நானாகவே படித்தேன். வழிகாட்டி வேண்டாம் என்றேன்.

பதினேழு வயதில் அந்நிய நாட்டுக்குக் கட்டிக் கொடுக்கப்பட்டவள். மாடியில் அவளுடைய குடும்ப ஓவியம். 'இளவரசியும் ஆறு பிள்ளைகளும்' என்றது பலகை. எண்ணினேன். ஆறுதான். ஆனால் அவளுடைய இடக்கை வெறுமையில் எதையோ தாங்கியிருந்தது. மூன்று மணியளவில் மேற்கு யன்னல் வெயில் படத்தில் விழுந்தது. அந்தக் கைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன முகம்.

காவலுக்கு நின்ற பெண் நம்மவர்தான், தமிழ். "கண்டிட்டியளோ அங்கிள்? செத்த பிள்ளையையும் படத்தில கீறச் சொல்லி இளவரசி ஒற்றைக்காலில நிண்டவவாம். அவ போனாப்பிறகு புருஷன் மேல பெயின்ற் அடிப்பிச்சிட்டார். ஞானஸ்நானத்துக்கு முந்திச் செத்தது, பேர் இல்லையாம். இப்ப பெயின்ற் மெலிஞ்சு வெளியில வருது."

"எவ்வளவு காலமாய்?"

"நான் வேலைக்கு வரேக்க கண் இல்லை. இப்ப பாக்குது. இந்த நேரத்தில நான் உந்தப் பக்கம் திரும்பிறேல்லை."

நான் திரும்பாமல் நின்றேன். அதுவும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

நான் முன்பே சொல்லியிருந்த இடமென்று ஊகித்து, 3.30க்கு மகள் மார்க்கம் நகரிலிருந்து காரில் வந்து தேடிப் பிடித்தாள். "போனை ஏன் நிப்பாட்டினீங்கள்?"

"முதல் உந்தப் படத்தில பிள்ளையளை எண்ணு."

விரலால் எண்ணிக்கொண்டே போனவள் நடுவில் நின்றாள். மறுபடி தொடக்கத்திலிருந்து எண்ணினாள்.

"ஏழு" என்றாள்.

என் பையிலிருந்து அச்சுப்படியை எடுத்து, 'மூன்று' என்பதை வெட்டி 'நான்கு' என்று எழுதினாள். பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விட்டாள். அது அப்படியே அச்சாகட்டும் என்றேன்.

போகிறவர்களுக்கு: திங்கள் பூட்டு. வெயிலுள்ள நாளாகப் பார்த்து மூன்று மணிக்கு முன் மாடி ஏறுங்கள். பலகையை வாசிக்காதீர்கள். முதலில் எண்ணுங்கள்.