தேங்காய்ப் பால் நிறத்தில் ஒரு டியூப்

1. போன்

"அக்கா, சோடியம் ரிசல்ட் என்னாச்சு? இங்க எல்லாரும் வெயிட் பண்றோம்லா."

வார்டிலிருந்து பேசியவர் டாக்டர் பிரவின், புதிதாக வந்த ஹவுஸ்மேன், அதாவது பயிற்சி டாக்டர். நான் மலேசியாவின் கிள்ளானில் ஒரு மருத்துவமனை லேபில் கிளினிக்கல் பயோகெமிஸ்ட். பயிற்சி முடிந்து, மேலதிகாரி பார்க்காமல் ரிசல்ட்டை நானே வெளியிடலாம் என்று அனுமதி கிடைத்த முதல் காலை அது.

திரையில் சோடியம் நூற்றுப் பன்னிரண்டு. நூற்று முப்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டியது. இவ்வளவு இறங்கினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம்.

"நூத்திப் பன்னெண்டு காட்டுது டாக்டர். ஆனா இன்னும் ரிலீஸ் பண்ணல."

"ஐயோ! அப்ப உப்பு டிரிப் இப்பவே ஏத்தணும்கா."

அந்த டிரிப் சாதாரண சலைன் இல்லை. அளவுக்கு மீறிய உப்பு. தேவையில்லாதவருக்கு ஏற்றினால் மூளைக்கே கேடு.

"ஒரு நிமிஷம் டாக்டர். ஆளு எப்படி இருக்காரு? குழம்பிப் பேசுறாரா?"

"இல்லக்கா. லோரி டிரைவர், வயித்து வலின்னு வந்தாரு. இப்ப தே தாரிக் டீ கேட்டு நர்ஸ்கிட்ட சண்டை போடுறாரு."

நூற்றுப் பன்னிரண்டு சோடியத்தோடு தே தாரிக்குக்குச் சண்டை போடும் ஆளா? எனக்கு உறைத்தது.

"டிரிப் போடாதீங்க. இப்பவே கூப்பிடுறேன்."

2. டாக்டர் சீட் கிடைக்காத பெண்

எங்கள் வீடு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில். அப்பா ரயில்வேயில் இருந்தவர். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவு வந்து மெடிசின் கிடைக்கவில்லை என்றதும், எங்கள் மெதடிஸ்ட் சபையில் ஒரு ஆன்டி அம்மாவிடம் துக்கம் விசாரிக்கவே வந்துவிட்டார். பயோமெடிக்கல் சயின்ஸ் படிக்கிறேன் என்றேன். "லேப்ல என்னம்மா, யூரின் டெஸ்டா?" என்றார். அம்மா அன்றிலிருந்து என் படிப்பைப் பற்றிச் சபையில் வாய் திறக்கவில்லை. எனக்கு அது வலித்தது.

டிகிரி, மருத்துவமனையில் பயிற்சி, வேலை, வேலையோடு மாஸ்டர்ஸ், அப்புறம் மறுபடியும் பயிற்சி. குறுக்கு வழி எதுவும் இல்லை. அதில் மெஷின் ஓட்டுவது சின்னப் பகுதி. மெஷின் எப்போது பொய் சொல்லும் என்று படிப்பதுதான் பெரிய பகுதி.

3. டியூப்

மெஷினிலிருந்து டியூபை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ரத்தத்தைச் சுழற்றினால் சிவப்பு அடியில் தங்கி, மேலே தெளிந்த மஞ்சள் நீர் நிற்கும். இவருடையதில் கெட்டித் தேங்காய்ப் பால் நின்றது. அத்தனையும் கொழுப்பு. இவ்வளவு கொழுப்பு கணையத்தை வீங்க வைக்கும்; வயிற்று வலிக்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

சோடியம் இருப்பது ரத்தத்தின் தண்ணீர்ப் பகுதியில். பெரிய மெஷின் ஒரு துளியை எடுத்து, தண்ணீர் கலந்து, அது வழக்கமான ரத்தம்தான் என்று நம்பிக் கணக்குப் போடுகிறது. துளியில் ஒரு பங்கு இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொண்டால், சரியாக இருக்கிற உப்பும் குறைவாகத் தெரியும். பக்கத்தில் இருக்கும் சின்ன பிளட் கேஸ் மெஷின் ரத்தத்தில் தண்ணீர் கலக்காமல் நேராக அளப்பதால் அதற்கு இந்த ஏமாற்றம் இல்லை.

டாக்டரை அழைத்து விஷயத்தைச் சொல்லி, புது ரத்தம் கேட்டேன். அவரே எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். பிளட் கேஸ் மெஷினில் வைத்தேன். இது உண்மையிலேயே குறைவாக இருந்தால், சிகிச்சையைத் தாமதப்படுத்தியது நான்தான்.

நூற்று முப்பத்தேழு.

நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தேன். டாக்டர் அந்த டியூபையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லவேளைக்கா. ஏத்தியிருப்பேன்" என்றார். கொழுப்பின் அளவையும் சேர்த்துச் சொல்லி அனுப்பினேன். சரியான சிகிச்சை அன்றே தொடங்கியது.

பள்ளியில் மூன்றாம் படிவத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். நம்பரை நம்புவதற்கு முன் டியூபைப் பாருங்கள். டியூபைப் பார்த்த பிறகும் ஆள் எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். எந்த வழியில் இந்த வேலைக்கு வந்தாலும் இது பொது.

சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இமைக்காமல் கேட்டார்.

"கடைசில அந்த மனுஷனுக்கு டீ குடுத்தாங்களா?"

"அந்த ரத்தத்துக்கு தே தாரிக்கா? வயித்துக்கு ஓய்வு வேணும்னு பச்சைத் தண்ணி கூடக் குடுக்க மாட்டாங்கம்மா."

ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்ததும் அந்த ஆன்டியை அம்மாவே தேடிப் போய்ப் பிடித்துக்கொண்டார். தேங்காய்ப் பாலில் ஆரம்பித்தார். நான் காரில் உட்கார்ந்து காத்திருந்தேன். வெகுநேரம் ஆனது, கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.