பகலில் எரிந்த டியூப் லைட்

போளூரிலிருந்து மலையேறி வந்த பஸ்ஸின் கூரையிலிருந்து நான்கு பிளாஸ்டிக் கேன்களை இறக்கினார்கள். மண்ணெண்ணெயோ என்று சந்தேகப்பட்ட கண்டக்டர் ஒன்றின் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு என்னிடம் நீட்டினார். நான் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. கேன்களோடு வந்த இளைஞர், “கடல் தண்ணிங்க, அக்காவுக்கு” என்றார். அக்கா என்று அவர் சொன்னது எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸை. ஊரே அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டது.

எண்பதுகளின் தொடக்கம் அது. சந்தவாசல்காரனான நான் ஜவ்வாது மலையில் வயர்மேனாக இருந்தேன். சிஸ்டருக்கு ராமேஸ்வரம் பக்கம். நாற்பது வயதிருக்கும், தனியாள். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். கேன்களில் வந்த தண்ணீரை இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டியில் ஊற்றி, அடியில் மணல் பரப்பி, கையகலப் பாறைத் துண்டு ஒன்றை வைத்தார். பாறையின்மேல் சட்டைப் பொத்தான் அளவில் பதினோரு பூக்கள். பூக்கள் அல்ல, பூப்போல விரிந்து மூடும் கடல் உயிர்கள் என்றார். கூடவே இரண்டு நீலக் குட்டி மீன்கள். அவருக்கும் இது முதல் முயற்சிதான். கடலோரம் பிறந்தவர் என்றாலும் கடலை வீட்டுக்குள் வைத்துப் பழக்கமில்லை. “வெளிச்சம் மட்டும் எப்படிக் குடுக்கிறதுன்னு தெரியல தம்பி. நீங்கதான் பார்த்துச் செய்யணும்” என்றார்.

வெளிச்சம் என்றால் எனக்குத் தெரியாதா? மலையில் முக்கால்வாசி வீடுகளுக்கு முதல் விளக்கைப் போட்டவனே நான்தான் என்ற நினைப்பு எனக்கு. பால்பவுடர் டின்னை வெட்டி மூடிபோல் வளைத்து, நூறு வாட் பல்பைத் தொட்டிக்கு நேர்மேலே தொங்கவிட்டேன். சாயங்காலம் அதைப் போட்டதும் தொட்டி பொன்னாக ஜொலித்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த மலைக்காரர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் முன் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு வாரத்தில் ஒரு மீன் செத்தது. பூக்கள் எல்லாம் இறுக்கிய முஷ்டிபோல மூடிக்கொண்டன. தண்ணீர்தான் கெட்டுவிட்டது என்று நான் அடித்துச் சொன்னேன். அப்போது பேசியது என் மனைவி.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமாகி நான்கு மாதம். மலையின் பனியும் ஆளரவமற்ற பகல்களும் அவளுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு முறை பெட்டியைக் கட்டிவிட்டாள். இரண்டு முறையும் நான் கெஞ்சி அவிழ்க்க வைத்தேன். மூன்றாம் முறை கெஞ்ச எனக்கு முகம் இருக்காது என்று உள்ளூர பயந்துகொண்டிருந்தேன். பகலில் சிஸ்டர் வீட்டுச் சாவி அவளிடம்தான் இருக்கும். வேலையில்லாத நேரமெல்லாம் அவள் அந்தத் தொட்டியின் முன் போய் உட்காருவது எனக்குத் தெரியாது.

“நீ பல்பு போட்டா தண்ணி கஞ்சி மாதிரி சுடுது” என்றாள். “அதுங்க காலையில கொஞ்சம் திறக்குது. நீ வெளக்கு போட்டதும் மூடிக்குது. இன்னாத்துக்கு அந்த பல்பு? நம்ம கண்ணுக்குத்தான அழகா கீது?”

சிஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. எழுந்து போய் சுவிட்சை அணைத்தார்.

அடுத்து, வெயிலே போதும் என்று தொட்டியைக் கிழக்கு ஜன்னலோரம் நகர்த்தினோம். பத்தே நாளில் கண்ணாடி, பாறை முழுக்கப் பச்சைப் பாசி. பாறையைப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்துத் தேய்த்து என் மனைவியின் விரல்கள் ஊறிப்போயின. பிறகு நான் திருப்பத்தூர் போய் இரண்டடி டியூப் லைட் ஒன்று வாங்கிவந்தேன். அது சுடவில்லை. ஆனால் சாயங்காலமானால் மலையில் வோல்டேஜ் விழுந்துவிடும். டியூப் லைட் மினுக் மினுக்கென்று துடிக்குமே தவிர எரியாது. அதை எப்படி எரிய வைப்பது என்று நான் நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன். அதையும் அவள்தான் தீர்த்தாள். பகலில் வோல்டேஜ் நன்றாகத்தானே இருக்கிறது, பகலில் எரியட்டும், அதுகளுக்கும் பகல் என்று ஒன்று உண்டல்லவா என்றாள்.

அதில் ஒரு கஷ்டம் இருந்தது. சிஸ்டர் காலையில் போனால் ஆறு மணிக்குத்தான் திரும்புவார். பகலில் எரிந்து சாயங்காலம் அணைந்தால், விரிந்த பூக்களை அவரால் ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க முடியும். நான் தயங்கிக்கொண்டே இதைச் சொன்னேன். அவர் தொட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நான் பார்க்கலன்னா என்ன தம்பி? அது நல்லா இருக்கட்டும்.”

அன்றிலிருந்து காலை ஏழு மணிக்கு என் மனைவி சுவிட்சைப் போடுவாள், ஐந்து மணிக்கு அணைப்பாள். ஒரு டியூப் போதாமல் பூக்கள் வெளிறியபோது இன்னொன்று சேர்த்தேன். உப்பு ஈரம் ஏறாமலிருக்க டியூபுக்கும் தண்ணீருக்கும் நடுவில் கண்ணாடிப் பலகை வைத்தேன். மாலையில் சிஸ்டர் செருப்பைக் கழற்றும்போதே என் மனைவி ஆரம்பித்துவிடுவாள்: எது முதலில் விரிந்தது, மீன் எங்கே ஒளிந்தது, ஓரத்தில் கடுகளவு புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. சிஸ்டர் இருட்டிய தொட்டியைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருப்பார். அவர் கண்கள் அப்போது அந்த அறையில் இருக்காது. பெட்டி கட்டும் பேச்சு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவேயில்லை.

இன்று போளூரில் மீன் தொட்டி விற்கும் கடையில் நீலமும் வெள்ளையுமாக விளக்குகள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். உறவுக்காரப் பையன் ஒருவன் எதை வாங்கலாம் என்று என்னைக் கேட்டான். யார் பார்ப்பதற்கு என்று திருப்பிக் கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. எனக்கும் அந்த வயதில் புரியவில்லைதான்.

தொட்டி வைத்து மூன்று வருடம் கழித்து சிஸ்டருக்குச் சொந்த ஊர்ப் பக்கமே மாற்றல் வந்தது. மீனையும் பாறையையும் கடலிலேயே விட்டுவிடலாம் என்றார். நானும் வர்றேன் என்று என் மனைவி பிடிவாதம் பிடித்தாள். வாளியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் ராமேஸ்வரம் வரை வந்தாள். அப்போது பாறையில் இருபத்தேழு பூக்கள்.

நாங்கள் கடலுக்குள் இறங்கியது உச்சிவெயிலில். முழங்கால் ஆழத்தில் சிஸ்டர் குனிந்து, இரண்டு பாறைகளுக்கு நடுவில் எங்கள் பாறையைப் பொருத்தி வைத்தார். மீன் ஒரு கணம் தயங்கிவிட்டுப் போயிற்று. தண்ணீர் அடிவரை வெள்ளையாகப் பளபளத்தது. என் மனைவி கண்ணைச் சுருக்கிக்கொண்டு அத்தனை வெளிச்சத்தையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அவள் கடலைப் பார்ப்பது அதுதான் முதல் முறை.

“இந்த வெளிச்சத்துல இருந்ததுங்களுக்கா சிஸ்டர் நாம ரெண்டு டியூப் லைட் போட்டோம்?” என்றாள்.

சிஸ்டர் சிரித்தார். பிறகு ஈரக் கையோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “அதுலயும் உயிரோட இருந்துச்சே” என்றார்.