மழை இல்லாத வருடத்து இட்லிக் கடை

எங்கள் வீட்டுத் தார்ப்பாயில் பதினோரு ஒட்டுகள் இருக்கின்றன. எல்லாம் என் ஓரகத்தி, அதாவது என் கணவருடைய அண்ணன் மனைவி, கோணி ஊசியால் போட்டவை. முகர்ந்து பார்த்தால் இன்னும் மல்லாட்டை வாசனை அடிக்கும். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். கீழ்பென்னாத்தூரில் என் மாமனார் மல்லாட்டை உடைக்கும் மெஷின் வைத்திருந்தார்; காயவைக்க இந்தத் தார்ப்பாய். நான் மருமகளாக வந்த எழுபதுகளின் கடைசியில் கல்யாணம், தீபாவளித் துணி, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் ஊருக்கு அந்த ஒரு காயிலிருந்துதான் வந்தன. அதில் ஓர் ஆபத்து இருப்பது பி.ஏ. பொருளாதாரம் படித்த எனக்குத் தோன்றவே இல்லை.

அக்கா என்று நான் கூப்பிடும் அந்த ஓரகத்தி திருவண்ணாமலை தேரடியில் பிறந்தவர். அவர் பிறந்த வீட்டில் என்ன தொழில் என்று கேட்டால் ஒரு வார்த்தையில் சொல்ல முடியாது. பௌர்ணமிக்குப் பூ, சித்திரையில் நீர்மோர், கார்த்திகையில் அகல் விளக்கு, நடுவில் இரண்டு அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுவது. நிலையாக ஒரு தொழில் இல்லாத குடும்பம் என்று மாமனார் கொஞ்சம் இளப்பமாகவே சொல்வார். அக்கா சிரித்துக்கொண்டே அவருக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம் மழை பொய்த்தது. செடி கொல்லையிலேயே, அதாவது புன்செய் நிலத்திலேயே, கருகி மெஷின் நின்றுபோனது. அதில் வேலை செய்த ஆறு பெண்களும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகலாமா என்று பேசத் தொடங்கினார்கள். கார்த்திகை தீபம் முடிந்ததும் மெஷினை விற்றுவிடுவதாக மாமனார் சொன்னார். சொன்ன அன்று அவர் சாப்பிடவில்லை. அப்போதுதான் அக்கா, தீபத்தன்று மலை சுற்றும் பாதையில் இட்லிக் கடை போடலாம் என்றார். பஞ்ச காலத்தில் யார் வருவார்கள் என்று, வாங்கிய பட்டத்தை நம்பி நான் கேட்டேன்.

"மழை பேஞ்சிருந்தா கொல்லையில வேல இருக்கும், வரமாட்டாங்க. இப்ப எல்லாரும் சும்மாதான இருக்காங்க. மழை கேக்கறதுக்காவது வருவாங்க பாரு," என்றார் அக்கா.

மாமனாரின் கவலை வேறு. தீபத்தன்று வேகவைத்த மல்லாட்டையை மலை சுற்றுகிறவர்களுக்கு அள்ளி அள்ளிக் கொடுப்பது அந்த வீட்டு வழக்கம். "சாமி பாக்க வர்றவங்ககிட்ட காசு வாங்கறதா?" என்றார்.

"எங்கப்பா வீட்ல அதுலதான் சோறு தின்னோம் மாமா. சாமி ஒண்ணும் கோச்சிக்கல."

அரிசியும் உளுந்தும் தேரடி வீட்டிலிருந்து வந்தன. தார்ப்பாயைப் பந்தலாகக் கட்டினோம். காலையிலிருந்தே கூட்டம், நான் அதுவரை பார்க்காத கூட்டம். ஆறு பெண்களும் அடுப்பை விட்டு நகரவில்லை. வரமாட்டேன் என்றிருந்த மாமனார் பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தார். நாங்கள் சட்னி அரைக்கத் திரும்பிய நேரத்தில், கைப்பழக்கத்தில், "வாங்க, சாப்டுங்க" என்று இட்லியை எல்லாருக்கும் சும்மா எடுத்துக் கொடுத்துவிட்டார். இரண்டு குண்டான் காலி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா ஒரு நிமிடம் இடுப்பில் கை வைத்து நின்றார். பிறகு அப்படி ஒரு சிரிப்பு சிரித்தார்.

"மாமா, நீங்க கொழந்தைங்களுக்குக் குடுங்க. பெரியவங்க எங்கிட்ட வரட்டும்."

அந்த ஏற்பாடு மாமனாருக்குப் பிடித்துவிட்டது. பிள்ளைகள் அவரிடம் ஓட, பெற்றவர்கள் பின்னாலேயே வந்து அக்காவிடம் வாங்கினார்கள். மலைமேல் தீபம் தெரிந்தபோது எங்களிடம் ஓர் இட்லிகூட மிச்சமில்லை. அடுத்த மழை வரை பௌர்ணமிதோறும் போனோம். பெண்கள் யாரும் பெங்களூருக்குப் போகவில்லை. மெஷினைப் பார்க்க வந்தவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவைத்தார் மாமனார்.

இரண்டு வருடம் கழித்து, பஸ் ஓடாத ஒரு தீபத்தன்று திருவண்ணாமலை வெறிச்சோடிக் கிடந்தது. தேரடி வீட்டில் பூ வாடியது, அகல் தேங்கியது. எங்களுக்கோ அந்த வருடம் நல்ல விளைச்சல். மாமனார் வண்டி கட்டி, மல்லாட்டை மூட்டைகளோடு தானே சம்பந்தி வீட்டுக்குப் போனார். அதன்பிறகு அந்தக் குடும்பத்தை அவர் இளப்பமாகப் பேசி நான் கேட்டதில்லை.

மாமனார் இப்போது இல்லை. பாதை நெடுகக் கடைகள் வந்துவிட்டன. ஆனாலும் தீபத்தன்று அதே தார்ப்பாய்க்குக் கீழே அக்கா உட்காருகிறார், பக்கத்தில் அவருடைய பேரன், வருகிற குழந்தைகளுக்கு இட்லியைச் சும்மா கொடுக்கிறான். போன தீபத்துக்கு, அறுபது தாண்டிய நானும் அவன் முன்னால் கை நீட்டினேன். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது கொழந்தைங்களுக்கு. நீ இந்தப் பக்கம் வா. காசு எடு."